ஒரே ஒரு துணியையாவது நீங்கள் தீர்மானியுங்கள்: தாம்பரம் வட்டாரத் தையல் பெண்களுக்கு ஒரு திறந்த மடல்



பல்லாவரத்தில் தொடங்கிக் கூடுவாஞ்சேரி வரை, இந்தப் பக்கம் மேடவாக்கம், அந்தப் பக்கம் முடிச்சூர் என்று தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். உங்களில் சிலர் சானடோரியம் மெப்ஸ் வளாகத்து ஏற்றுமதிக் கம்பெனிகளில் ஷிப்ட் பார்க்கிறீர்கள். சிலர் அங்கே பல வருஷம் உழைத்துவிட்டு, பிள்ளைப்பேறோ முதுகுவலியோ வந்து நின்றுவிட்டீர்கள். சிலர் வாசலில் ‘இங்கு ஜாக்கெட், சுடிதார் தைத்துத் தரப்படும்’ என்று போர்டு மாட்டியிருக்கிறீர்கள். இன்னும் சிலர் பள்ளிக்கூட வேலையிலோ வங்கி வேலையிலோ ஓய்வு பெற்ற பிறகு குயில்ட் வகுப்பில் சேர்ந்து, பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய உருளைக் கத்தியும் கட்டங்கட்டமான பாயும் வைத்துக்கொண்டு ஆசையாகத் தைக்கிறீர்கள். நான் சேலையூரில் இருக்கிறேன். ஜாக்கெட்டும் தைக்கிறேன், குயில்ட்டும் தைக்கிறேன். வெளியாளாக நின்று உங்களிடம் பேசவில்லை.

நம் கையில் இவ்வளவு தொழில் இருக்கிறது. ஆனால் நாம் தைப்பதில் எதை நாம் தீர்மானிக்கிறோம்?

கம்பெனியில் வேலை எப்படி என்று உங்களுக்கே தெரியும். 1984இல் சானடோரியத்தில் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம் வந்த நாளிலிருந்து நம் வட்டாரத்துப் பெண்கள் எத்தனையோ பேர் அந்த வாசலுக்குள் போய் வந்திருக்கிறார்கள். காலர் வைப்பவர் காலர் மட்டும்தான் வைக்கிறார். பக்கத் தையல் போடுபவர் காலையிலிருந்து மாலை வரை பக்கத் தையலே போடுகிறார். ஒரு முழுச் சட்டை எப்படி எழுந்து நிற்கிறது என்று பார்ப்பதற்குள் அது செக்கிங் தாண்டிப் பெட்டிக்குள் போய்விடுகிறது. வீட்டில் தைப்பவருக்கோ அளவு வாடிக்கையாளருடையது, கழுத்து டிசைன் அவர் செல்போனில் காட்டும் படத்தினுடையது. தைத்துக் கொடுத்த பிறகும் ‘அந்தப் படத்துல இருக்கிற மாதிரி இல்லையே’ என்ற பேச்சு மட்டும் நமக்கு.

சரி, ஆசைக்காகத் தைப்பவர்களாவது விருப்பப்படி தைக்கிறார்களா என்று பார்த்தால், அங்கேயும் மனசு வாடுகிறது. குயில்ட் வகுப்புகளில் நான் பார்ப்பதெல்லாம் விலைக்கு வாங்கிய பேட்டர்ன்கள்தான். பனி மூடிய மரவீடு, பைன் மரம், மேப்பிள் இலை. தையல் பிசகே இல்லை; முனை முனையோடு பொருந்துகிறது. ஆனால் மேப்பிள் இலை தாம்பரத்தில் எந்தத் தெருவில் உதிர்கிறது? பனியை நம்மில் எத்தனை பேர் கையால் தொட்டிருக்கிறோம்? அந்த நாட்டுப் பெண்கள் தங்கள் கொல்லையில் உதிர்ந்த இலையைப் பார்த்து அதைத் துணியில் கொண்டுவந்தார்கள். அது அவர்களுக்கு நியாயம். நாம் நம் வாசலைப் பார்க்காமல் அவர்கள் கொல்லையைத் தைத்துக்கொண்டிருக்கிறோம்.

நம் தெருவில் வாதாம் மரம் இருக்கிறதே! தை, மாசியில் அதன் கீழே நின்று பாருங்கள். இலை உதிரும் முன்னால் நிறம் மாறும். நடு நரம்பை ஒட்டிப் பச்சை கொஞ்சம் மிஞ்சியிருக்கும். அதிலிருந்து மஞ்சள், மஞ்சளிலிருந்து செங்கல், ஓரத்தில் நல்ல அரக்கு. புழு அரித்த இடத்தைச் சுற்றிக் கருப்பாய் ஒரு விளிம்பு. ஒரே இலையில் இத்தனையும் இருக்கின்றன, இரண்டு இலை ஒரே மாதிரி இருப்பதும் இல்லை. காலையில் பெருக்கிக் குப்பையில் தள்ளுகிறோமே, அதுதான் நம் ஊர் இலையுதிர் காலம். அதில் ஒன்றை எடுத்து வந்து மெஷின் மேசையில் வையுங்கள். பக்கத்தில் உங்கள் துண்டுத்துணி மூட்டையைக் கொட்டுங்கள். மாம்பழ மஞ்சள் ஜாக்கெட் பிட்டு, அரக்குப் பாவாடைத் துணி, பச்சை ஃபால்ஸ் துண்டு, செங்கல் நிறச் சுங்குடி ஓரம், எல்லாம் அதிலேயே கிடைக்கும். நிறத்தைத் தேடி எந்தக் கடைக்கும் போக வேண்டியதில்லை.

‘குயில்ட் குளிர் தேசத்துச் சமாச்சாரம், சென்னை வெயிலுக்கு எதற்கு?’ என்று கேட்பீர்கள். நான் சொல்லும் குயில்ட் போர்த்திக்கொள்வதற்கு இல்லை, சுவரில் மாட்டுவதற்கு. மேல்துணி, நடுவில் மெல்லிய ஓர் அடுக்கு, கீழே அடித்துணி, மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் தையல், அவ்வளவுதான். இலவம்பஞ்சு வேண்டாம், அது ஒரு மூலையில் போய்த் திரண்டுவிடும். பழைய பருத்திப் போர்வையோ இரண்டு மடிப்பு வேட்டியோ போதும்.

துணியில் துணி வைத்து உருவம் தைப்பது நமக்குப் புதிதும் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்துத் தேர்களில் தொங்கும் தொம்பைகளையும் தேர்ச்சீலைகளையும் நினைத்துப் பாருங்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை, கருப்பு என்று துணியை வெட்டி, யாளியும் அன்னமும் தாமரையுமாக ஒட்டித் தைத்த வேலை அது. தேர் நகரும்போது அத்தனை உருவமும் அசையும். கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் ஹலியால், யெல்லாப்பூர் பக்கம் வாழும் சித்தி இனப் பெண்கள் பழைய புடவைத் துண்டுகளை வைத்துக் ‘கவந்தி’ என்ற ஒட்டுப்போர்வை தைக்கிறார்கள். பேட்டர்ன் கிடையாது, அளவுகோல் கிடையாது. ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி உள்ளே வந்து நடுவில் முடிப்பார்கள். நான்கு மூலையிலும் மடித்த துணியில் பூ வைக்காவிட்டால் அவர்கள் கணக்கில் அது முழுமையில்லை. எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எந்தத் துண்டு என்பதை அந்தந்தப் பெண்ணே அந்தந்த நேரத்தில் தீர்மானிக்கிறாள். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

நம் கிழக்குக் கடற்கரைச் சாலைக் கதை ஒன்றும் உண்டு. 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். ஓவியத்தை விற்றுப் பிழைக்க முடியாத அந்தக் காலத்தில் அவர்களுக்குச் சோறு போட்டது பாத்திக் துணியும் மற்றக் கைவேலைப் பொருட்களும்தான். துணி வேலை ஓவியத்தைத் தாங்கிப் பிடித்த ஊர் நம்முடையது. அப்படிப்பட்ட ஊரில், துணியில் செய்த வேலையைக் கொண்டுபோனால் ‘இதெல்லாம் கைவேலைப் பிரிவும்மா’ என்று ஊறுகாய் பாட்டிலுக்கும் வத்தல் பாக்கெட்டுக்கும் நடுவில் வைக்கச் சொல்கிறார்கள். எனக்கு ஒரு கண்காட்சியில் அப்படித்தான் நடந்தது. ஊறுகாய் போடுவது இளப்பம் என்று சொல்லவில்லை, அதுவும் உழைப்புதான். கித்தானில் வண்ணம் பூசி ஒரு ஏரியை வரைந்தால் அது கலை, அதே ஏரியைப் பருத்தித் துணியில் தைத்தால் கைவேலை என்ற கணக்கு எனக்கு ஒப்பவில்லை. உங்களுக்கும் ஒப்பக்கூடாது.

ஆனால் அவர்களிடம் சண்டைக்குப் போகும் முன், நம் பக்கம் ஒரு கேள்வி இருக்கிறது. வேறொருவர் வரைந்த பேட்டர்னை எழுத்துப் பிசகாமல் தைத்துவிட்டு, இது என் கலை என்று எப்படிச் சொல்வது? டிசைன் நம்முடையதாக இருந்தால்தானே சுவரில் இடம் கேட்கும் தைரியம் வரும்? எனவேதான் டிசைனைப் பற்றி உங்களிடம் இவ்வளவு பேசுகிறேன்.

உங்களில் பலர் பல்லாவரத்திலிருந்து துரைப்பாக்கம் போகும் 200 அடி சாலையில் பஸ்ஸில் போய் வருகிறீர்கள். அந்தச் சாலை பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஊடாகப் போகிறது. 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று ராம்சர் பட்டியலில் சேர்ந்த இடம் அது. நம் மாவட்டத்து வேடந்தாங்கலும் கரிக்கிலியும் அதே வருஷம் சேர்ந்தன. காலை வேளையில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தால் செல்போனை மடியில் வைத்துவிட்டு வெளியே பாருங்கள். அந்தக் காட்சி தானாகவே பட்டை பட்டையாகப் பிரிந்துதான் நிற்கிறது. மேலே வெளிறிய வானம், அதற்குக் கீழே தூரத்துக் கட்டடங்களின் சாம்பல் வரிசை, பிறகு கோரையின் அடர்பச்சை, கடைசியில் தகடு போலத் தண்ணீர். நான்கு பட்டை. பள்ளிச் சீருடையில் மிஞ்சிய வெளிர்நீலம் வானத்துக்கு, பேண்ட் துணிச் சாம்பல் கட்டடங்களுக்கு, இரண்டு மூன்று பச்சைகளை ஈர்க்கு ஈர்க்காக வெட்டிக் கோரைக்கு, பளபளக்கும் லைனிங் துணி தண்ணீருக்கு. அதன் மேல் கொக்குகள்.

கொக்கை வைக்கும்போதுதான் வீட்டுப் பழந்துணி எவ்வளவு உயர்ந்தது என்று தெரியும். கடையில் வெள்ளை என்று கேட்டால் ஒரே வெள்ளைதான் தருவார்கள். வீட்டில் எத்தனை வெள்ளை இருக்கிறது! சலவைக்குப் போகாத காடாத் துணியின் வெள்ளை. நீலம் போட்டுத் துவைத்துத் துவைத்து நீலம் பாரித்த வேட்டியின் வெள்ளை. பீரோவுக்குள் மடித்தே கிடந்து பழுப்பேறிய வெள்ளை. வெயில் படும் முதுகுக்குக் காடா வெள்ளை, நிழல் விழும் வயிற்றுக்கு நீலம் பாரித்த வெள்ளை, கழுத்து வளைவின் உட்பக்கத்துக்குப் பழுப்பு வெள்ளை என்று வைத்துப் பாருங்கள். துணியில் கொக்கு எழுந்து நிற்கும். சாயம் கலக்கத் தெரிந்த ஓவியருக்கு நிகரான வேலை இது. நமக்குச் சாயத்தைக் கலந்து கொடுத்தது வருஷக்கணக்கான சலவைதான்.

பல்லாவரத்துக் கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் பக்கத்து மலைக்கல் வெறும் கருப்பு இல்லை. நீலமும் சாம்பலும் கலந்த, எண்ணெய் தடவியது போன்ற மினுக்கம் அதில் உண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறையில் இருப்பதும் இதே வகைக் கல்தான். அதனால்தான் 1893இல் தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் இதற்குச் சார்னாக்கைட் என்று பெயர் வைத்தார். அந்தக் கல்லின் நிறத்தில் துணி எங்கும் கிடைக்காது. அடர்நீலத் துணியின் மேல் கருப்பு நெட் துணியை ஓர் அடுக்கு போர்த்தித் தைத்துப் பாருங்கள். இன்னும் இருட்ட வேண்டிய இடத்தில் இரண்டு அடுக்கு. தாவணிக்கும் சுடிதார் துப்பட்டாவுக்கும் வாங்கி மிஞ்சிய நெட் உங்களிடம் நிச்சயம் இருக்கும். வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போகும்போது தலையை நிமிர்த்தி அந்த மலையைப் பாருங்கள், பிறகு துணியை எடுங்கள்.

ஊர் சுற்றியதையும் தைக்கலாம், தைக்க வேண்டும். ஆனால் டூர் போய் வந்து கோபுரத்தையும் ஊட்டி ரயிலையும் போட்டோவில் இருப்பது போலவே தைப்பதில் எனக்கு நாட்டம் இல்லை. எல்லோரும் எடுக்கும் போட்டோவில் உங்கள் கண் எங்கே இருக்கிறது? வழியில் உங்களை மட்டும் திரும்பிப் பார்க்க வைத்தது எதுவோ, அதை எடுங்கள். புதுச்சேரி போகும் வழியில் மரக்காணம் உப்பளம் வருமே, அங்கே பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நிற்கும். புதிதாய்ப் பாய்ந்த பாத்தி வானத்தின் நிறம், பாதி வற்றியது பழுப்பு, உப்பு பூத்தது வெள்ளை. வரப்பு நேர்கோடு மாதிரி இருக்கும், ஆனால் நேர்கோடு இல்லை. பக்கத்தில் உப்புக் குவியல். சதுரம் சதுரமாக ஒட்டுப்போட்டுத் தைக்கப் பழகிய கைக்கு இதைவிட என்ன பேட்டர்ன் வேண்டும்? அளவுகோலை மட்டும் ஒதுக்கிவிட்டுக் கத்தரியால் வெட்டுங்கள். கோணல் அப்படியே இருக்கட்டும்.

‘எனக்கு வரைய வராது’ என்பீர்கள். நான் பேசிய பெண்களில் பெரும்பாலோர் சொல்லும் முதல் பதில் இது. நெளிவுக்கோலத்தைப் புள்ளி கூட்டி வாசல் அளவுக்குப் பெரிதாக்கத் தெரிந்தவர், நாற்பது அளவு ஜாக்கெட்டை முப்பத்திரண்டுக்குக் குறைத்து வெட்டத் தெரிந்தவர், வரைய வராது என்று சொன்னால் நான் ஏற்க மாட்டேன். பென்சிலே வேண்டாம். பழைய செய்தித்தாளை எடுத்து, கொக்கு, மலை, இலை என்று கத்தரியால் வெட்டுங்கள். சரியாக வராவிட்டால் இன்னொன்று வெட்டுங்கள். காகிதத் துண்டுகளைப் பழைய புடவை மேல் பரப்பி, தள்ளி நின்று பார்த்து, இடம் மாற்றுங்கள். அலங்காரத்துக்கு எதையும் சேர்க்காதீர்கள். பாதியை எடுத்த பிறகும் இது என்ன இடம் என்று தெரிந்தால் டிசைன் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

அதற்கப்புறம் துணி. நிறத்தைவிட முக்கியம் அடர்த்தி. வெளிர், நடுத்தரம், அடர் என்று மூன்று குவியலாகப் பிரியுங்கள். சந்தேகம் வந்தால் செல்போனில் கருப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் கண்ணுக்கு எவ்வளவு வேறாகத் தெரிந்தாலும், அந்தப் படத்தில் ஒரே சாம்பலாகிவிட்டால் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள், உருவம் கரைந்துவிடும். அடர் நிறப் பருத்தி, சுங்குடி, கண்டாங்கி எல்லாவற்றையும் முதலில் தனியாக அலசுங்கள். உப்புத் தண்ணீரில் முக்கினால் போதும் என்பதை நம்பாதீர்கள். ஒரு வெள்ளைத் துண்டோடு சேர்த்து நனைத்து, அதில் சாயம் ஏறாத வரைக்கும் அலசுங்கள். காலருக்கு வைக்கும் ஒட்டுக் கேன்வாஸை மேல்துணிக்கு அடியில் கொடுத்தால் துணி சுருங்காது. கடைசியாக மூன்று அடுக்கையும் சேர்க்கும்போது, துணியைத் தள்ளும் பல்லை இறக்கிவிட்டு, கையால் துணியை நகர்த்தித் தைத்துப் பழகுங்கள். அப்போது ஊசி பேனா போல நீங்கள் போகும் பக்கமெல்லாம் வரும். தண்ணீரில் அலை, கல்லில் விரிசல், இலையில் நரம்பு எல்லாம் அந்த நூல் ஓட்டத்தில்தான் வரும். பழைய பெடல் மெஷினில் பல் இறங்காவிட்டால் கையால் நூலோட்டம் போடுங்கள், அதன் அழகே தனி. நான் இன்னும் அதைத்தான் அதிகம் விரும்புகிறேன்.

இவ்வளவும் செய்த பிறகும், ‘அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் இதற்கு என்ன பொருள்’ என்று யாராவது கேட்கக்கூடும். அவர்களுக்கு ஹாரியட் பவர்ஸைப் பற்றிச் சொல்லுங்கள். 1837இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்த கறுப்பினப் பெண் அவர். துணியை உருவம் உருவமாக வெட்டி ஒட்டிக் கதை தைத்தவர். தன் குயில்ட் ஒன்றை விற்க மனசில்லாமல் வைத்திருந்தவர், வறுமையில் வேறு வழியில்லாமல் 10 டாலர் கேட்டு, கடைசியில் 5 டாலருக்குக் கொடுத்தார். விற்ற பிறகும் அதைப் பார்க்கத் திரும்பத் திரும்பப் போயிருக்கிறார். இன்று அது வாஷிங்டனில் அமெரிக்க வரலாற்றுக்கான தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய இன்னொரு குயில்ட்டில், 1833 நவம்பரில் ஓர் இரவு வானத்திலிருந்து நட்சத்திரங்கள் மழைபோல் விழுந்த காட்சி இருக்கிறது. அந்த இரவில் அவர் பிறந்திருக்கவே இல்லை. பெரியவர்கள் சொல்லக் கேட்டதைத் தைத்து, நம் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்.

நமக்கு 2015 டிசம்பர் வெள்ளம் இருக்கிறது. முடிச்சூரிலும் மேற்குத் தாம்பரத்திலும் வரதராஜபுரத்திலும் அடையாறு வீட்டுக்குள் வந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் நீங்கள். தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் நின்ற பழுப்புக் கோடு எந்த உயரத்தில் இருந்தது என்று உங்கள் கை இன்னும் காட்டும். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள். அவர்களுக்கு யார் காட்டுவது? இயற்கை என்றால் பூவும் பறவையும் மட்டும் இல்லையே. அந்தக் கோட்டைத் தையுங்கள். மேலே வீட்டுச் சுவரின் நிறம், கீழே சேற்றின் நிறம், நடுவில் அந்தக் கோடு. அதைவிட எளிய டிசைன் கிடையாது. அந்தச் சேற்றின் நிறத்தை நம்மைத் தவிர வேறு யாராலும் சரியாகத் தேர்ந்தெடுக்கவும் முடியாது.

பவர்ஸின் கதையில் இன்னொன்றும் இருக்கிறது. அவர் 5 டாலருக்கு விற்ற குயில்ட்டை வாங்கிய ஓவிய ஆசிரியை, ஒவ்வொரு கட்டத்துக்கும் பவர்ஸ் சொன்ன விளக்கத்தை எழுதி வைத்தார். அதனால்தான் தைத்தவர் பெயரும் கதையும் தப்பின. எத்தனையோ துணிகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய அமெரிக்கக் குயில்ட்டுகளைப் பெரிய ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டிக் காட்டியபோது உலகமே வியந்தது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றைத் தைத்தது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. அதே அருங்காட்சியகத்துக்கு 2002இல் அலபாமாவின் ஜீஸ் பெண்ட் என்ற ஏழை ஊர்ப் பெண்களின் குயில்ட்டுகள் வந்தன. அவை ஒவ்வொன்றும் தைத்தவர் பெயரோடு வந்தன. அவர்களில் ஒருவர் மிசௌரி பெட்வே. 1942இல் கணவர் இறந்தபோது, அவர் வயலுக்கு உடுத்திப்போன துணிகளையே வெட்டிக் குயில்ட் தைத்தவர். 2006இல் அந்த ஊர்ப் பெண்களின் குயில்ட்டுகள் அமெரிக்கத் தபால்தலைகளாகவும் வெளிவந்தன. வங்காளத்தில் போன நூற்றாண்டுக்கும் முன்னாலேயே மானதசுந்தரி என்ற பெண், தன் தந்தைக்காகத் தைத்த காந்தாத் துணியில் தன் பெயரை நூலால் எழுதியிருக்கிறார். அது கொல்கத்தாவின் குருசதய் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நூல் அதே நூல்தான், தையலும் அதே தையல்தான். பெயர் இருந்ததால் ஆள் தெரிகிறது.

நம் வீடுகளில் அம்மாவும் பாட்டியும் தைத்தவற்றில் எதிலாவது பெயர் இருக்கிறதா? பழம்புடவையில் தைத்த தொட்டில் மெத்தை, ஒட்டுப்போட்ட தலையணை உறை, பூ வேலை செய்த மேசைவிரிப்பு எல்லாம் கிழியும் வரை உழைத்துவிட்டுக் கரித்துணியாய்ப் போய்விட்டன. தைத்தவரை யாரும் கேட்கவில்லை. இன்றைக்கும் நீங்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒன்றைத் தைத்தால், சொந்தக்காரர்கள் வாஞ்சையாகவே, ‘எனக்கும் ஒண்ணு தைச்சுக் குடேன், துணி நான் வாங்கித் தர்றேன்’ என்கிறார்கள். துணிக்கு விலை உண்டு, உங்கள் நேரத்துக்கு விலை இல்லை என்று நினைப்பவர்கள் அவர்கள் மட்டும் இல்லை. நாமும் அப்படித்தான் கணக்குப் போடுகிறோம். விலை கேட்டால் துணிக் காசும் நூல் காசும் மட்டும் சொல்கிறோம். இனிமேல் உட்கார்ந்த மணி நேரத்தையும் எழுதி வையுங்கள். விற்றாலும் விற்காவிட்டாலும் எழுதி வையுங்கள்.

2019இல் சென்னையிலேயே இந்தியா குயில்ட் திருவிழா நடந்தது. நாட்டின் பல பகுதிப் பெண்கள் தைத்ததை நம் நகரம் பார்த்தது. எனவே பார்க்க ஆள் இல்லை என்ற சாக்கு இனி செல்லாது. ஆனால் அப்படிப்பட்ட இடங்களுக்கு மெப்ஸ் வளாகத்தில் நாள் முழுக்கக் காலர் வைக்கும் பெண் வந்து நிற்பதை நான் பார்க்க விரும்புகிறேன். இங்கேதான் குயில்ட் வகுப்புக்குப் போகும் அக்காமார்களிடம் தனியாக ஒன்று கேட்க வேண்டும். உங்களிடம் நேரம் இருக்கிறது, நல்ல வெளிச்சமுள்ள அறை இருக்கிறது, கருவிகள் இருக்கின்றன. கம்பெனிப் பெண்களிடம் நம் யாருக்கும் இல்லாத கைவேகமும் தையல் சுத்தமும் இருக்கின்றன. ஒரே ரயிலில் போகிறோம், ஒரே மார்க்கெட்டில் காய் வாங்குகிறோம், ஆனால் ஒரே மேசையில் உட்கார்ந்து தைத்ததில்லை. உங்கள் தெருவில் அப்படி ஒரு பெண் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உங்கள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். அவருக்குச் சொல்லிக்கொடுக்கக் கூப்பிடாதீர்கள், சேர்ந்து தைக்கக் கூப்பிடுங்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்கு வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை என்றால், குழந்தையும் கூடவே வரட்டும்.

கடை வைத்திருக்கும் தங்கைகளிடம் கேட்பது இது. வெட்டுத்துணியை மூட்டையாய்க் கட்டிக் குப்பை வண்டியில் போடாதீர்கள். வெளிர் ஒரு பை, அடர் ஒரு பை என்று பிரித்து வையுங்கள். கேட்டு வரும் பெண்ணுக்குக் கொடுங்கள்.

இப்போது உங்கள் எல்லோரிடமும் நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். இந்த மார்கழி முடிவதற்குள் ஆளுக்கு ஒரு துணி தையுங்கள். இரண்டடிக்கு இரண்டடி போதும். உங்கள் கண்ணால் பார்த்த ஓர் இடமாக இருக்கட்டும். அது பள்ளிக்கரணையாக இருக்கலாம், நன்மங்கலம் காடாக இருக்கலாம், கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்து மரநிழலில் நின்ற புள்ளிமானாக இருக்கலாம், வேளாங்கண்ணிக்கு நடந்துபோன வழியாக இருக்கலாம், உங்கள் வீட்டுப் பின்பக்கத்து முருங்கையாகவும் இருக்கலாம். விலைக்கு வாங்கிய பேட்டர்ன் கூடாது, செல்போனில் பார்த்த டிசைன் கூடாது. எந்த நிறம், எந்தத் துண்டு, எங்கே நிறுத்துவது என்று ஆரம்பத்திலிருந்து கடைசி வரை நீங்களே தீர்மானியுங்கள். வீட்டில் யோசனை சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் முடிவு உங்களுடையது.

தை பிறந்து இரண்டாவது ஞாயிறு காலை, அவரவர் பகுதியில் யாராவது ஒருவர் மொட்டை மாடியில் கொடி கட்டி எல்லோருடையதையும் தொங்கவிடுவோம். சேலையூர் பக்கத்துக்கு என் வீட்டு மாடி இருக்கிறது, கயிறும் கிளிப்பும் நான் தருகிறேன். பல்லாவரத்துக்கும் முடிச்சூருக்கும் மேடவாக்கத்துக்கும் மாடி கொடுக்க முன்வருகிறவர்கள் இந்த மாதமே பக்கத்து வீடுகளில் சொல்லி வையுங்கள். வெயில் ஏறும் முன் இறக்கிவிட வேண்டும், சாயம் வெளிறிவிடும். கம்பெனிக்காரர்கள், கடைக்காரர்கள், நம் மாமியார்கள், பிள்ளைகள் எல்லோரையும் வரச் சொல்லுங்கள். வந்தவர்கள் துணியைத் திருப்பிப் பார்க்கட்டும். அடித்துணியில் உங்கள் பெயர், ஊர், வருஷம், இது எந்த இடம், எப்போது பார்த்தது என்று நாலு வரி நூலால் எழுதியிருக்க வேண்டும். எழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, பெயர் இல்லாத துணியை மட்டும் யாரும் கொண்டுவர வேண்டாம்.